இடப்பக்கம் சாய்ந்த இலைகள்

நேற்று வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நாம் பின்னிய தோரணம் அந்த வீட்டு வாசலில் தொங்குகிறது. பச்சை வெளுத்திருந்தாலும் எனக்குத் தெரியாதா? "ரொம்ப நல்லா இருக்குது" என்று வீட்டுக்காரியிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். "உங்க வீட்டுதுதானேம்மா!" என்று சிரித்துவிட்டுக் காபி கொடுத்தாள். எல்லோரும் உன்னைப் போல இருப்பார்களா?

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நீ வந்தபோது, ஓரகத்திகள் சண்டை போடுவார்கள் என்று தெருவே காத்திருந்தது. நாமோ மத்தியானமானால் தறியில் மிஞ்சிய பச்சைப் பட்டு நூலை முடிச்சுப் போட்டு நீட்டி, ஆளுக்கொரு குரோஷா ஊசியோடு உட்கார்ந்துவிடுவோம். மாவிலை மாதிரி ஒவ்வொன்றாகப் பின்னினோம். உனக்கு இடக்கைப் பழக்கம். உன் இலைகள் இடப்பக்கம் சாயும், என்னுடையவை வலப்பக்கம். "மாத்தி மாத்திக் கோத்தா ஜோடி போட்ட மாதிரி இருக்கும்க்கா" என்றாய்.

நம் வாசலில் அது ஒரு வாரம்கூடத் தொங்கவில்லை. கருட சேவை பார்க்க வந்த இந்த வாலாஜாபாத்துக்காரி, "எவ்ளோ அழகா இருக்குது மா!" என்று வாயைத் திறந்தாள். நீ உடனே முக்காலி போட்டு ஏறி அவிழ்த்து, "எடுத்துக்கினு போங்கம்மா" என்று நீட்டிவிட்டாய். எனக்கு வயிறு எரிந்தது. காகிதத்தில் சுற்றித் தரும் சாக்கில், கைக்கு அகப்பட்ட ஓர் இலையை அறுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் போனதும் கத்தினேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? பாதி என்னுதுடி!"

"இலைதானேக்கா. இன்னொன்னு பின்னிக்கினா போச்சு."

பின்னினோமா? வீம்புக்கு நான் ஊசியையே தொடவில்லை. பிறகு உனக்குக் குழந்தை, அப்புறம் அந்தப் பாழும் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ பின்னிய விரிப்பும் உறையும் யார் யார் வீட்டிலோ கிடக்கின்றன. "அம்மா பின்னினது ஏதாச்சும் இருக்குதா பெரிம்மா?" என்று உன் மகள் கேட்கிறாள். ஒன்று இருக்கிறது, தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த இலையைத் துணியில் முடிந்து பெட்டியின் அடியில் வைத்ததோடு சரி. பார்த்தால் அழுகை வரும் என்று முடிச்சை அவிழ்த்ததே இல்லை.

நேற்று வீடு திரும்பியதும் அவிழ்த்தேன். வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

இத்தனை வருடம் உன்னிடமிருந்து ஒளித்துக் காப்பாற்றியது என் இலையைத்தான். உன்னுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது உன் மேல் உள்ள கோபம் ஒன்றுதான். அதை எப்படியடி உன் மகள் கையில் கொடுப்பேன்?