சுடாத கால்

ஸ்த்ராஞ்சா மலை, ஜூன் 12

அன்புத் தங்கை தோங்காவுக்கு,

அக்கா கெரானா எழுதுகிறேன். பத்தொன்பது வருஷம் கழித்து இவளுக்கு என்ன கடிதம் என்று கிழித்துப் போட்டுவிடாதே. நீ நர்ஸ். உன்னிடம்தான் கேட்க முடியும்.

போன வாரம் புனிதர்கள் கான்ஸ்டன்டைன், ஹெலனா திருநாளில் வழக்கம்போலப் புனிதர் படத்தை ஏந்திக்கொண்டு தணலில் ஆடினேன். துளிகூடச் சுடவில்லை. "கெரானாவைப் பாரு, புனிதரே தாங்குறாரு!" என்று ஊரே சொன்னது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலுறை ஈரமாக இருந்தது. கழற்றினால், இடது உள்ளங்காலில் முட்டை அளவு கொப்புளம் உடைந்து கிடக்கிறது. வலியே இல்லையடி!

இரண்டு வருஷமாக மாலையானால் பாதம் எரியும், எறும்பு ஊறுவது போலிருக்கும். புனிதர் தணலுக்குக் கூப்பிடுகிறார் என்று பெருமைப்பட்டேன். எரிச்சல் அடங்கக் கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீரில் காலை வைத்தேன். இப்போது யாரிடமும் காட்ட முகமில்லை.

உன் அக்கா
கெரானா

பூர்காஸ், ஜூன் 17

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

இது புனிதர் வேலையல்ல, சர்க்கரை நோயாகத்தான் இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடிக் கிடந்தால் பாத நரம்பு கெட்டுவிடும். முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும். எரிச்சலுக்கு மாத்திரை உண்டு. மரத்துப்போன காலைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். வெந்நீர் கூடவே கூடாது. கண்ணாடி வைத்துத் தினமும் உள்ளங்காலைப் பார். உடனே டாக்டரிடம் போ, புண் முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அதே தணலில் கால் சுட்டு நான் அலறி ஓடினேன். "நெஞ்சுல அழுக்கு இருக்கிறவளுக்குத்தான்டி சுடும்" என்று ஊர் முன்னால் சொன்னாய். நான் மறக்கவில்லை.

தோங்கா

ஸ்த்ராஞ்சா மலை, ஜூலை 6

என் தோங்கா,

சர்க்கரைதான். உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டார். மூன்று இடம்தான் தெரிந்தது. மாத்திரையில் எரிச்சல் தணிந்திருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வருஷமும் நீதான் படம் ஏந்தணும் என்று ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர் சொன்னார். எல்லாரும் இருந்தார்கள். காலுறையைக் கழற்றிக் காட்டினேன். "எனக்குச் சுடல, ஏன்னா என் கால் செத்துப்போச்சு. என் தங்கச்சிக்குச் சுட்டுச்சு, அவ கால்ல உயிர் இருந்துச்சு. அழுக்கு என் நெஞ்சுலதான்" என்றேன். வெட்கத்தில் அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நீ வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை.

கெரானா

பூர்காஸ், ஜூலை 10

அக்கா,

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை காலைக் கழுவுகிறேன் என்று நீயாகத் தண்ணீர் காய்ச்சாதே. சூடு பார்க்க என் கை இருக்கிறது.

உன் தங்கை
தோங்கா