அம்மா மீன் கேட்டாள்

என் பிரியமான அப்பாவுக்கு,

அங்கேயும் கோள் சொல்ல ஆள் இருப்பார்கள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன். நீங்கள் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவள் மீன் சாப்பிட்டாள். உங்கள் அக்காவுக்குத் தெரிந்து ஊரே ரெண்டாகிக் கிடக்கிறது.

அதே வியட்நாம் ஓட்டல்தான் அப்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்களும் அம்மாவும் பாளையங்கோட்டையிலிருந்து இங்கே குகட்பள்ளியில் என் வீட்டுக்கு வந்தபோது போனோமே. பெயர் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. "பந்திக்கு இடம் பிடிக்கதுக்கா குகட்பள்ளியிலேருந்து மெட்ரோ ஏறி வந்தோம்?" என்று கேட்டீர்கள். அரிசித் தாளில் சுற்றிய இறால் சுருள் வந்ததும், அந்தத் தாளை பிளாஸ்டிக் என்று நினைத்து மூன்றையும் பொறுமையாக உரித்து ஓரமாக வைத்தீர்கள். "கவரைப் பிரிக்காமலா கொண்டாந்து வப்பான்?" நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அம்மா மெனு அட்டையைக் கையில் எடுத்தாள். நீங்கள் அதை வாங்கி என்னிடம் நீட்டினீர்கள். "அவளுக்கு இதெல்லாம் ஒத்துக்காது. வெள்ளச் சோறும் எதாவது காய்கறியும் சொல்லு." நானும் மறுபேச்சில்லாமல் சொன்னேன். அவளும் சாப்பிட்டாள். நாற்பது வருஷம் நமக்கு மீன் கழுவிக் குழம்பு வைத்தவள் அவள். எந்த மீன் அவளுக்குப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

உங்கள் பதினாறாம் நாளன்று அத்தை எல்லார் முன்னாலும் சொன்னார்: "இனிமே ஒனக்கு என்ன மீனு வேண்டிக்கிடக்கு?" அம்மா தலையாட்டினாள். இங்கே என் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மீன் பொரித்து வைத்துவிட்டு, தயிர்ச்சோற்றுத் தட்டோடு பால்கனிக்குப் போய்விடுவாள். போனில் விசாரிக்கிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இதில் ஒரே பெருமை. சித்தி போன நாற்பதாம் நாள் சித்தப்பா கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டாரே, அப்போது "பாவம், மனசு ஆறட்டும்" என்று சொன்னவர்களும் இவர்கள்தான்.

அதனால்தான் இந்த முறை அட்டையை அம்மா முன்னால் வைத்தேன். பரிமாற வந்தவர் என்னைப் பார்த்து, "ஆண்ட்டி வெஜ்ஜா, மேடம்?" என்றார். அம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். மூடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு முழு மீன், மேலே பச்சை இலைகள் தூவியிருந்தது. அதன்மேல் விரலை வைத்து "இது" என்றாள்.

பிறகு மெல்ல என்னிடம் கேட்டாள்: "உங்கப்பா இருந்தா ஏசுவாவளா?"

"ஏசட்டும்" என்றேன். ஆமாம் அப்பா, அப்படித்தான் சொன்னேன். நீங்கள் ஏசியிருப்பீர்களா?

மீன் வந்ததும் அம்மா குச்சிகளைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிட்டுச் சாப்பிட்டாள். நான் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தெரியாமல் போடவில்லை, வேண்டுமென்றே போட்டேன். ரெண்டே நிமிஷத்தில் அத்தையின் போன். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏட்டி, வருசம் திரும்பல! தாலி அறுத்தவ ஓட்டல்ல உக்காந்து மீன் திங்காளா? நீதான் அவளக் கெடுக்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா இடது கையை நீட்டி போனை வாங்கினாள்.

"மதினி, நான்தான் கேட்டு வாங்கித் திங்கேன். பிள்ளைய ஏசாதீங்க. முள்ளு இருக்கு, பேசிக்கிட்டே திங்க முடியாது. வச்சிருதேன்."

வைத்தும் விட்டாள். நாற்பது வருஷத்தில் உங்கள் அக்காவை எதிர்த்து அவள் பேசியது அவ்வளவுதான். கொஞ்சம் அழுதாள். உங்களை நினைத்துத்தான் அழுதாள், எனக்குத் தெரியும். அழுதுகொண்டே மீனையும் தின்று முடித்தாள். உங்கள்மேல் அவளுக்கு இருக்கிற பாசத்தில் ஒரு குறையும் வரவில்லை அப்பா. அதை மீனை விட்டுத்தான் காட்ட வேண்டுமா?

அடுத்த மாதம் அம்மா ஊருக்குத் திரும்புகிறாள். அத்தை வாசலிலேயே நிற்பார், கூட நாலு பேரும் நிற்பார்கள். நிற்கட்டும். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வருகிறேன். அன்று மதியம் நம் வீட்டில் மீன் குழம்பு வைப்பேன், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். அம்மா முதலில் உட்காருவாள். முதல் கரண்டி அவள் தட்டில் விழும், உங்கள் படத்துக்கு நேர் எதிரில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இப்படிக்கு,
அம்மா கட்சிக்கு மாறிவிட்ட
உங்கள் ஒரே மகள்