சவரப் பெட்டிக்குள் இருந்த பல்லுறை

பத்மாசினியின் பல்லில் ஒட்டியிருந்த தற்காலிக உறை காலையில் உடைந்து விழுந்தது. நிரந்தர உறையைப் பொருத்தாமல் வவுனியாவில் கிடைத்த ஆசிரியை வேலைக்குப் போகவேண்டாம் என்று பல் வைத்தியர் சொல்லியிருந்தார். கொழும்பில் செய்யக் கொடுத்த அது இன்னும் வரவில்லை என்றே, வைத்தியரிடம் போய்க் கேட்டுவரும் கணவன் நமசிவாயம் சொல்லிவந்தான். இன்று அது அவனுடைய சவரப் பெட்டிக்குள் இருந்தது.

அவள் கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினாள்:

“இஞ்சாருங்கோ, புட்டும் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். கதவைப் பூட்டின திறப்பு பக்கத்து வீட்டுப் பூரணமக்காவிட்டை. ஒளிச்சு வைச்ச உறையை எடுத்திட்டன். போகவேண்டாம் எண்டு முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம். டொக்டரிட்டை அதைப் பல்லிலை பொருத்திக்கொண்டு அப்பிடியே வவுனியா பஸ் ஏறுறன்.”

எழுதி முடித்தும் மனம் ஆறவில்லை. அடியில் நெருக்கி எழுதினாள்:

“குழம்புக்கு உப்புக் காணுமோ தெரியாது. வாய் நோவிலை ருசி பார்க்கேலாமல் போச்சு. நான் நோவிலை அழேக்கை, கிராம்பு கொண்டுவந்து தந்ததும் நீங்கள்தானே.”