உன் பெயருக்கு மேல் வேறொருவன் முகம்

இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் உன் பெயரைப் பார்த்தேன். தகரக் கூரையை மறைத்துக்கொண்டு, இரண்டு சவுக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டிய பேனர். ‘முதலாம் ஆண்டு வீரவணக்கம்’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே உன் பெயர், ஒரு பிழையும் இல்லாமல். மேலே ராணுவ உடுப்பில் ஒருவன் நிற்கிறான். அது நீ இல்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். உன் இடது புருவத்தில், ஏரியில் குதித்துக் கல்லில் இடித்துக்கொண்ட தழும்பு உண்டு. இவனுக்கு இல்லை. மூக்கும் வேறு, தாடையும் வேறு. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிற எனக்குத் தெரியாதா? இணையத்தில் ‘இந்தியன் ஆர்மி’ என்று தேடினால் முதலில் வந்து நிற்கிற படம் அது. எங்கோ வடக்கே யாரோ பெற்ற பையன். அவனைச் சுற்றிக் கைகூப்பிச் சிரிக்கிற உள்ளூர்ப் பிரமுகர்களின் முகங்களில் மட்டும் ஒன்றுகூட மாறிப்போகவில்லை.

காய்ச்சலில் சில நாள் வீட்டிலேயே கிடந்ததால் நான் பார்க்கவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“சனிக்கிழமையே கட்டிட்டாங்களேம்மா. நல்லா பளிச்சினு இருக்குது இல்ல?”

“அண்ணே, அது அவனாண்ணே?”

அண்ணாந்து பார்த்தார். “மிலிட்டரி டிரஸ்ஸுல எல்லாரும் அப்படித்தான் தெரிவாங்க.”

அவர் கையால் நீ எத்தனை டீ குடித்திருப்பாய்! அந்தக் கோபத்தோடுதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செவிலிமேட்டுப் பாலத்துக்குக் கீழே, தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில் நீ ஓடிப் பழகியது எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆள் எடுப்பில் தோற்றுத் திரும்பினாய், மறுபடியும் ஓடினாய். ஒரு நாள் கேட்டேன், எதுக்குடா இவ்வளவு பாடு என்று. நாடு, கொடி என்றெல்லாம் நீ சொல்லவில்லை. “யூனிபார்ம் மாட்டிக்கினு வந்தா, தலைவர் ஊட்டு வாசல்ல நிக்க வச்சிப் பேச மாட்டாரு ஸ்டெல்லா. சேர் போடுவாரு” என்றாய். உன் அப்பா அந்த வாசலில் நின்றே முதுகு வளைந்தவர். பஞ்சாயத்துத் தலைவர் பதவியை விட்டு எத்தனையோ வருடமாகியும் ஊர் அவரைத் தலைவர் என்றுதான் சொல்கிறது. அவர் நிலத்தில்தான் நம் காலனியில் பாதிப் பேர் கூலி வேலை செய்தார்கள்.

முதல் விடுமுறையில் நீ உடுப்போடு போனாய். சொன்னபடியே சேர் வந்தது. அன்று திரும்பி வந்தபோது உன் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. “நான் உக்காந்துட்டேன். எங்கப்பா பக்கத்துல நின்னுக்கினே இருந்தாரு. அவருக்கு ஒரு சேர் போடணும்னு யாருக்கும் தோணல” என்றாய். பிறகு சொன்னாய். “அங்க பட்டாளத்துல நான் வெறும் மதராசி. கிண்டல் பண்ணுவானுங்க, ஆனா அதோட சரி. நம்ம ஊர்ல வந்து எறங்கினாத்தான் காலனிப் பையன்.”

கடைசி விடுமுறையில் உன்னோடு அந்த டீக்கடையில் நின்றதும் நினைவிருக்கிறது. எல்லையில் சண்டை மூளும் போலிருந்த சமயம். டிவியில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“உடக்கூடாதுபா! உள்ள பூந்து அடிக்கணும்!”

அதில் ஒருவர் உன் பக்கம் திரும்பினார். “இன்னாபா, எத்தினி பேர போட்டுத் தள்ளின?”

“அங்க குளுருண்ணே,” என்றாய் நீ. “காது மடல் வெடிச்சிடும். தேங்கா எண்ணெய உடைச்சித்தான் எடுக்கணும்.”

அவருக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. “கவலப்படாத, நாங்க இருக்கறோம் உங்க பின்னால!”

வீட்டுக்கு நடக்கும்போது நீ சிரித்துக்கொண்டே வந்தாய். “பின்னால இருக்கறாங்களாம். எனக்குப் பின்னால வந்து நிக்கணும்னா மூணு நாள் ரயில்ல வரணும். எவன் வரப்போறான்?” விடுமுறை முடிவதற்குள் உன்னைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். ஐயம்பேட்டைவரை ஷேர் ஆட்டோவில் வந்து உன்னை வழியனுப்பினேன். பையில் உன் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாய். நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

மலையில் உங்கள் காவல் சாவடிமேல் குண்டு விழுந்தது. போனில் செய்தி சொன்னவருக்குத் தமிழ் தெரியவில்லை. நான் அத்தை என்று கூப்பிடுகிற உன் அம்மாவுக்கு இந்தி தெரியாது. போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். “இன்னா சொல்றாங்க பாரும்மா, புரியல.” கடையில் பழகிய அரைகுறை இந்தியோடு நான் கேட்டேன். கேட்டதை உன் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நானாகிப் போனேன்.

நீ வந்த அன்று ஊர் திரண்டதை நீ பார்த்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் எல்லையிலிருந்தே சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தறிக்காரர் ஒருவர் பட்டு அங்கவஸ்திரம் கொண்டுவந்து பெட்டிமேல் போர்த்தினார், அவர் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மற்றவர்கள் ஒரு கையால் பூப் போட்டார்கள், மறு கையால் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

நம் காலனியில் யார் செத்தாலும் ஏரிக்கரை வழியாகத்தான் கல்லறைக்குப் போக வேண்டும். ஊர்த் தெருவில் நம் பிணம் போகக் கூடாது என்பது வழக்கம். அன்று ராணுவ வண்டி அந்தச் சேற்றுக் கரையில் இறங்காது என்றார்கள். அதனால் தெரு திறந்தது. வாசலெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மாடியிலிருந்து பெண்கள் ரோஜா இதழ் தூவினார்கள். தலைவர் உன் பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து, “இவன் அவங்க ஊட்டுப் புள்ள இல்லப்பா, நம்ம ஊர்ப் புள்ள!” என்று அழுதார். அவ்வளவு துக்கத்திலும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னார்: “தெருவ உட்டுட்டாங்க பாரும்மா. எம்புள்ள தெருவத் தொறந்துட்டான்.”

நானும் நம்பினேன். பாதிரியார் நம்பினார். உன் அப்பாவும் நம்பித்தான் செத்தார்.

மழைக்காலத்தில் அவர் போனார். நீ போன பிறகு அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. பெட்டியைத் தூக்கியதும் எங்கள் கால்கள் தாமாக ஊர்த் தெருவுக்குத் திரும்பின. முனையில் ஒரு டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். அதன் முன்னால் தலைவர் நின்றார்.

“வழக்கத்த மாத்தாதீங்கபா. கரை வழியா எடுத்துக்கினு போங்க.”

“அன்னிக்கு எம்மவன இப்படித்தானேங்க கொண்டாந்தாங்க?” என்றார் அத்தை.

“அன்னிக்கு வந்தது மிலிட்டரிமா. அது வேற, இது வேற.”

“இவரு அவனப் பெத்தவருங்க.”

“அதுக்கு நான் இன்னா பண்றது?”

போலீஸ் வந்தது. சமாதானமாகப் போகச் சொன்னது எங்களைத்தான், டிராக்டரை இல்லை. ஏரிக்கரையில் முழங்கால் சேறு. தூக்கி வந்தவர்களில் ஒருவர் வழுக்கி விழ, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே உன் அப்பா உருண்ட சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் மறக்கப்போவதில்லை. திரும்பிப் பார்த்தேன். உனக்குப் பூத் தூவிய அதே மாடிகளில் அதே பெண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தலைவர்தான் போன வாரம் எங்கள் கடைக்கு வந்தார். “பாப்பா, நம்ம பையனுக்கு மொதலாண்டு வருது. ஜமாய்ச்சிடணும். அவன் போட்டோ உங்கிட்ட இருக்குது இல்ல? என்னோடது புதுசா ஒண்ணு அனுப்பறேன், கொஞ்சம் பெருசா வை.”

“அவங்கப்பா எந்த வழியாப் போனாருன்னு அதுல போடலாங்களா?” என்று கேட்டேன்.  அவ்வளவு ஆத்திரம்.

“அதையும் இதையும் எதுக்குமா முடிச்சிப் போடற? அவன் நாட்டுக்காகச் செத்தவன்.”

“அந்த நாட்டுலதாங்க இந்தத் தெருவும் இருக்குது.”

உன் படத்தைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுந்து போய்விட்டார். வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பினேன் என்று முதலாளி என்மேல் கத்தினார், கத்தட்டும். வேறு கடைக்குப் போனார்கள். உன் முகம் கிடைக்காவிட்டால் என்ன? உடுப்பு கிடைத்தது, துப்பாக்கி கிடைத்தது, அது போதும். அவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நீ யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

இன்று நான் வேலைக்குப் போகவில்லை. நேராக அத்தையிடம் போய்ச் சொன்னேன். செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். பேனரின் கீழே நின்று, அந்தப் பையனின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஓவென்று அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

“யாரும்மா இந்தப் புள்ள? இவனும் செத்துட்டானா?”

“தெரியல அத்தை.”

“இவன் இங்க வெயில்ல நிக்கறது இவங்கம்மாவுக்குத் தெரியுமா?” என்றார். பிறகு, “கழட்டு.”

டீக்கடைக்காரர் பதறி ஓடிவந்தார். “வேணாம்மா, தலைவர் கோவிப்பாரு.”

“கோவிக்கட்டும். அது எம்மவன் பேரு. நான் வச்ச பேரு.”

பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தேன். உடனே கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே கத்தினான்: “ராணுவ வீரர் பேனரக் கிழிக்கறாங்கபா! தேசத் துரோகம்பா!”

அத்தை அவன் பக்கம் திரும்பினார். பேனரின் ஒரு முனையைப் பிடித்து அந்த முகம் எல்லோருக்கும் தெரியும்படி விரித்தார். “வாங்க, கிட்ட வந்து பாருங்க. இது யார் மூஞ்சி? எம்மவன் இந்த ஊர்லதான் வளந்தான். இது அவன்தான்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

எல்லோரும் பேருந்து வருகிற பக்கமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். போன் கீழே இறங்கியது. மூன்று நாளாக அதன் கீழேயே நின்று பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். உனக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களும் அவர்கள்தான். இத்தனை அன்புக்குள் உன் முகத்துக்கு மட்டும் இடமில்லாமல் போயிருக்கிறது.

அந்தப் பையனைக் கசங்காமல் சுருட்டி அத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். “யாரு பெத்ததோ, மழை வெயில் படாம இருக்கட்டும்” என்றார். மதியத்துக்குள் என்மேல் புகார் போயிருக்கிறதாம். கூப்பிட்டால் போய்ப் பேசிக்கொள்கிறேன். ஆத்திரம் உடம்புக்கு ஆகாது, விட்டுத் தொலை என்கிறாள் என் அம்மா. விட முடியவில்லை. நீ விட்டுப் போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பூசை. அது முடிந்ததும் உன் கல்லறைக்கும் உன் அப்பா கல்லறைக்கும் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறோம். ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். காலனியே வருகிறது. என் போனில் இருந்த உன் படத்தை நானே அச்சடித்து வைத்திருக்கிறேன். உடுப்பு இல்லை, துப்பாக்கி இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்று விட்டுப்போக, புருவத் தழும்போடு சிரிக்கிறாய். கீழே உன் பெயர், உன் அப்பா பெயர், உன் அம்மா பெயர். வேறு யாருடையதும் இல்லை.

முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது நான். இந்த முறை ராணுவம் கூட வராது. டிராக்டரை நிறுத்துகிறவர்கள் நிறுத்தட்டும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிறுத்தட்டும்.