நாற்பத்தொன்றாம் எண் கத்தி

நவம்பர் 4, செவ்வாய்

கணக்குத் தேர்வுத் தாள் கொடுத்தார்கள். ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. சொல்ல ஆள் இல்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாளியைக் கவிழ்த்தால் நாற்காலி. வெளிச்சம் தெரியாமல் இருக்கக் கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஒரே அறை வீடு. அம்மா பை தைக்கும் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்து, சாப்பிடும்போதே கண் சொக்கிப் படுத்துவிட்டாள்.

இந்தக் கட்டடத்துக்கு வந்து நான்கு மாதம். நான்காம் மாடி. லிஃப்ட் நாங்கள் வருவதற்கு முன்பே செத்துவிட்டது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் விளக்கு கிடையாது. அங்கேதான் அவன் நிற்பான். வீட்டுக்காரரின் மச்சான். காலி அறைகளின் சாவியெல்லாம் ஒரு வளையத்தில் கோத்து விரலில் சுற்றிக்கொண்டே இருப்பான். நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. டியூஷன் முடிந்து ஆறரைக்கு ஏறி வருவேன். "படிப்பு முடிஞ்சுதா?" என்பான். வழிவிட மாட்டான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏற வேண்டும்.

இன்று கூடுதலாக ஒன்று சொன்னான். "அம்மா வர ஒம்பதரை ஆகும்ல?"

ஆகும். அவனுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 5, புதன்

அம்மாவிடம் சொல்லலாமா என்று நாள் முழுக்க யோசித்தேன்.

சொன்னால் என்ன ஆகும்? டியூஷனை நிறுத்துவாள். அல்லது வேலையை விடுவாள். அல்லது வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போடுவாள், அவர் காலி பண்ணச் சொல்வார். இந்த வீடு கிடைப்பதற்குள் எத்தனை படி ஏறி இறங்கினோம். "ஆம்பள யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். "நீ இருக்கற தைரியத்துலதான்டி ரெண்டாம் ஷிஃப்டுக்குப் போறேன்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தத் தைரியம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

பையில் ஒரு கத்தி வைத்துக்கொண்டால்?

எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் சின்னச் சொல்லாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

காய் வெட்டும் கத்தி: நீளம் அதிகம். பிடி ஆடுகிறது. பையில் போட்டால் புத்தகத்தை வெட்டும். அதோடு, காணோம் என்று அம்மா மறுநாளே கேட்பாள்.

அப்பாவின் மடக்குக் கத்தி: அப்பா விட்டுப்போன பொருள்களில் ஒன்று. (அப்பா சாகவில்லை. போய்விட்டார், அவ்வளவுதான்.) திறக்க இரண்டு கை வேண்டும். நகத்தை ஒரு பள்ளத்தில் மாட்டி இழுக்க வேண்டும். இங்கே, இந்த வாளி மேல் நிம்மதியாக உட்கார்ந்து செய்தபோதே பதினொரு வினாடி ஆனது. நகம் உடைந்தது. அந்தத் திருப்பத்தில் எனக்குப் பதினொரு வினாடி யார் தருவார்கள்? ஒரு கையில் பை வேறு இருக்கும்.

ஆக, மடங்காத கத்தி வேண்டும். சின்னது. உறையோடு. எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்க வேண்டும்.

நவம்பர் 8, சனி

ஹார்டுவேர் கடைக்குப் போனேன். நான்கு முறை கடையைத் தாண்டிப் போய்விட்டு ஐந்தாவது முறை நுழைந்தேன்.

"எதுக்கும்மா கத்தி?" என்றார் கடைக்காரர்.

"ஸ்கூல்ல... கைவேலை."

"கைவேலையா? பாத்து, கையே வேலைக்கு ஆகாமப் போயிடப் போகுது." அவர் ஜோக்குக்கு அவரே முதலில் சிரித்தார். ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்தவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்று எடுத்துப் போட்டார். ஒன்று கயிறு அறுப்பது, பல் பல்லாக, பெரியது. இன்னொன்று பச்சைப் பிளாஸ்டிக் பிடி, பார்க்க அழகு, தகடு விரலால் அழுத்தினாலே வளைந்தது. மூன்றாவது சரியாக இருந்தது. என் நடுவிரல் நீளத்துக்குத் தகடு. பிடி உள்ளங்கையை நிறைத்தது. உறையிலிருந்து எடுக்கும்போது மட்டும் 'டக்' என்று சத்தம். வலக்கையில் எடுத்துப் பார்த்தேன், பிறகு இடக்கையில். பிறகு, ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.

கடைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். மூன்றையும் மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

"பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாம்மா. உன் வயசுப் பிள்ளைங்களுக்குக் குடுக்கறதில்ல." நான் திரும்பியதும் குரலைத் தாழ்த்தி, "யாராவது ஏதாவது தொந்தரவு பண்றாங்களா?" என்றார்.

"ஐயோ, அதெல்லாம் இல்ல அங்கிள்."

எவ்வளவு வேகமாகச் சொன்னேன்! நான்கு மாதத்தில் ஒரே ஒரு ஆள் கேட்டார். அவரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டிலேயே!

அம்மா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். மேல் அலமாரியில் உப்புப் பொட்டலம் தேடியபோது மாவு டப்பாவுக்குப் பின்னால் கையில் தட்டுப்பட்டது. தோல் உறை, அம்மாவின் தையல்தான், பை மிச்சத்தில் தைத்தது. உள்ளே தொழிற்சாலைக் கத்தி. கடையில் பார்த்த மூன்றாவதைவிட நன்றாக இருக்கிறது. குட்டையான, கனமான தகடு. மரப்பிடியில் துணி நாடா சுற்றி, அது அம்மா கை வேர்வையில் கறுத்துப் போயிருக்கிறது. கையை ஈரமாக்கிப் பிடித்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. உறை சத்தமே போடவில்லை. பிடியின் அடியில் 41 என்று பொறித்திருக்கிறது.

ஒன்றுதான் புரியவில்லை. அம்மா வேலை செய்யும் இடத்தில் கத்திகளைக் கயிறு போட்டு மேசையோடு கட்டி வைத்திருப்பார்கள். பைக்குள் வைத்துத் தைத்துவிட்டால் பெரிய வம்பாகிவிடுமாம். ஷிஃப்ட் முடிந்ததும் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருநாள் நாற்பது பேர் ஒரு மணி நேரம் நின்றார்களாம், கடைசியில் கத்தி மேற்பார்வையாளரின் சட்டைப் பையிலேயே இருந்ததாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட கத்தி எப்படி இங்கே? பிடியில் கயிற்றின் நுனி இன்னும் தொங்குகிறது.

மறந்து எடுத்து வந்திருப்பாள். டப்பாவுக்குப் பின்னால் போட்டதையும் மறந்திருப்பாள். அப்படித்தான் இருக்கும்.

எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 10, திங்கள்

எங்கே வைப்பது என்பது பெரிய பாடு. ஜாமெட்ரி பாக்ஸ் வேண்டாம், எல்லோரும் திறப்பார்கள். பையின் முன்னறையில் ஜிப் சிக்குகிறது. கடைசியில் பாவாடைப் பாக்கெட். கனத்தில் பாவாடை ஒரு பக்கம் இறங்கியது, ஊக்கு குத்தினேன்.

வகுப்பில் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மற்ற நாளும் நான் பேசுவதில்லையே.

சாயங்காலம் இரண்டாம் மாடியைத் தாண்டும்போது தையல் இயந்திரச் சத்தம் நின்றது. அங்கே தனியாக ஒரு அக்கா துணி தைக்கிறார். நான் ஏறும்போதெல்லாம் அந்தச் சத்தம் நிற்கும். எத்தனை மணிக்கு வருகிறேன் என்று வேவு பார்க்கிறார் போல.

திருப்பத்தில் அவன் இல்லை. ஆனாலும் வீடு வரும்வரை பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

அட்டைப் பெட்டியில் சோதித்தேன். வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. கத்திக்கு முழு மதிப்பெண்.

ஆனால் அட்டைப் பெட்டிக்குக் கை கிடையாது. என் கையைப் பிடித்து முறுக்காது.

நவம்பர் 12, புதன்

நின்றான். பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். "என்ன பாக்கெட்ல? மிட்டாயா?" என்று கையை நீட்டினான்.

எடுக்கவில்லை. ஓடினேன். தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

எடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன்? உண்மையை எழுத வேண்டும். ஒன்றும் செய்திருக்க மாட்டேன். குழந்தை கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி பிடுங்கியிருப்பான். அப்புறம் கத்தி அவனிடம் இருந்திருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் விழித்தபோது அம்மா முக்காலி போட்டு ஏறி மேல் அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தாள். எல்லா டப்பாவையும் இறக்கிவிட்டாள்.

"என்னம்மா தேடற?"

"ஒண்ணுமில்ல. பல்லி."

பல்லியைப் பார்த்தால் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறவள். ஏன் என்னிடம் கேட்கவில்லை? கேட்டால் கொடுத்திருப்பேன்.

கொடுத்திருப்பேனா?

நவம்பர் 14, வெள்ளி

அம்மா பத்து மணிக்குத்தான் வந்தாள். கைப்பையின் வார் அறுந்து தொங்கியது. தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியை இழுத்துக் கதவில் முட்டுக் கொடுத்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"படியில தடுக்கிடுச்சு. நீ சாப்டியா?"

தண்ணீர் வாங்கிக் குடித்தபோது பார்த்தேன். மணிக்கட்டில் சிவப்பாக நான்கு கோடு. படிக்கு விரல் கிடையாது.

இப்போது தூங்குகிறாள். தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள். நான் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கயிற்று நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிய்ந்த கயிறு பஞ்சு பஞ்சாக இருக்கும். இது சுத்தமாக அறுத்தது. மறந்து எடுத்து வரவே இல்ல. வேணும்னேதான் அறுத்து எடுத்துட்டு வந்திருக்கா. அவளும் அந்தப் படியிலதான வர்றா. தினம். என்னை விட இருட்டுல. எனக்கு ஏன் இது தோணல? நான்தான் எடுத்தேன். நான் எடுத்ததாலதான் இன்னைக்கு அவ கையில ஒண்ணுமே இல்ல. நான்தான். நான்தான்.

நவம்பர் 15, சனி

காலையில் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் கத்தியை வைத்தேன்.

அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இது ஏன்டி உன்கிட்ட?"

"இது ஏன்மா நம்ம வீட்ல?"

அம்மா கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அவள் கேட்டாள், "உன்கிட்டயும் நிக்கறானா?"

'உன்கிட்டயும்'. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஹார்டுவேர் கடை வரைக்கும். அம்மா சொன்னாள், இரண்டு மாதமாக அவளுக்கும் இதேதான். உடைந்த பழைய தகட்டைக் காட்டி, நாற்பத்தொன்றாம் கத்தி உடைந்துவிட்டது என்று பொய் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்து வந்திருக்கிறாள். என்னிடம் சொன்னால் நான் பயந்து படிப்பை விட்டுவிடுவேன் என்று நினைத்தாளாம்.

"எடுத்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

"தெரியலடி. பயம் ஜாஸ்தியான அன்னைக்கெல்லாம் கைப்பைக்குள்ள பிடிச்சுக்கிட்டே வருவேன். எனக்கு நூல் அறுக்கத்தான் தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகப் போனது.

நேற்று அவன் கையைப் பிடித்தபோது கீழே தையல் அக்கா கதவைத் திறந்து "யாருப்பா அங்க?" என்று கத்தியிருக்கிறார். அதனால்தான் விட்டான். நன்றி சொல்ல இரண்டு பேரும் இறங்கிப் போனோம்.

அக்காவின் அறை முழுக்கத் துணி. உட்கார இடம் இல்லை, துணி மூட்டை மேலேயே உட்காரச் சொன்னார்.

"உன் பொண்ணு ஏறும்போது மிஷினை நிறுத்திடுவேன்" என்றார் அம்மாவிடம். "மேல தாழ்ப்பாள் விழற சத்தம் கேக்கணும். கேட்டாதான் எனக்குக் கால் பெடலுக்குப் போகும். அந்தாளு நிக்கறது தெரியும். என்கிட்டயும் ஆரம்பத்துல வாலாட்டினான். ஒரு முழக் கத்தரிக்கோலைக் காட்டி, அளவெடுக்கட்டுமான்னு கேட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேவு பார்க்கிறார் என்று எழுதியவள் நான்.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்று பேரும் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி, "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல" என்று கதவைச் சாத்தப் போனார். தையல் அக்கா கதவில் கையை வைத்தார். "அப்படின்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறோம். அவங்க சொல்லட்டும் எப்படிப்பட்டவன்னு."

நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். புகாரை எழுதியது நான். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சொன்னான் என்று அங்கிருந்த போலீஸ்காரம்மா கேட்கக் கேட்க, யோசிக்காமல் சொன்னேன். அம்மா என்னையே பார்த்தாள். எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 18, செவ்வாய்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் பல்பு. அக்கா வாங்கி மாட்டினார். தையல் இயந்திரத்தையும் வாசல்வரை இழுத்துப் போட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டார்.

நான் ஏறும்போது சாவிக்கொத்து கீழே நின்று அவரிடம் கேட்டது காதில் விழுந்தது. "என்ன, இங்கயே கடை போட்டாச்சா?"

"ஆமா. சட்டையைக் கழட்டுங்க, பொத்தான் தைக்கணும்னா தைச்சுத் தரேன். இல்லன்னா வெளிச்சத்தை மறைக்காதீங்க."

சாவி சுற்றும் சத்தம் கீழே இறங்கிப் போனது.

நவம்பர் 20, வியாழன்

அம்மா கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பொய் எழுதியதற்கு மேற்பார்வையாளர் கத்து கத்து என்று கத்தினாராம். இரண்டு வாரம் பெட்டி தூக்கும் வேலை. நாற்பத்தொன்றை மறுபடி மேசையில் கட்டிவிட்டார்கள்.

பாவாடை ஊக்கை எடுத்துவிட்டேன். பாக்கெட் காலியாக இருப்பது இன்னும் விநோதமாக இருக்கிறது. கை அடிக்கடி உள்ளே போய்த் தேடுகிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

ஸ்டேஷனில் அவனைக் கூப்பிட்டு எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவன் இன்னும் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறான். வாசலில் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்க்கிறான். வேறு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம், அக்காவுக்கும் சேர்த்து. பயம் போகவில்லை.

மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாளி வாளியாகவே இருக்கிறது.

மணி ஒன்பது முப்பத்தைந்து. கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இதோ, நின்றுவிட்டது. அம்மா இரண்டாம் மாடியைத் தாண்டுகிறாள். நானும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். போய்க் கதவைத் திறக்கிறேன்.

வந்துவிட்டாள். கால் கழுவுகிறாள். தாழ்ப்பாளை நான்தான் போட்டேன், கீழே கேட்கட்டும் என்று கொஞ்சம் ஓங்கியே.

இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.