படபடப்பு யாருக்காக

தாராவி,
வெள்ளிக்கிழமை

மச்சானுக்கு சலாம்.

உங்க மூத்திரத்தை ஒரு நாள் பூராவும் ஜாடியில பிடிச்சு, அத்தர் மாதிரி காவல் காத்தாளாமே ஒரு நர்ஸம்மா, நல்லா இருக்காளா? நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடிச்சா விடவே மாட்டேங்காளாம். உங்க தம்பி ஹமீது வந்து சொல்லிச் சிரிக்கான்.

ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடுதேன். அடுத்த வீட்டு நஜ்முன்னிசாவுக்குக் குழாயடியில குனிஞ்சு குடம் தூக்கிக் குடுக்கும்போதெல்லாம் உங்க மூஞ்சி வெளுக்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு அடிக்கது சட்டைக்கு மேலேயே தெரியும். எனக்காக ஒரு நாளும் அடிக்காத நெஞ்சு அவளுக்கு அடிக்குதேன்னு ரெண்டு வருஷமா அவகிட்ட நான் முகம் கொடுத்துப் பேசலை. நீங்க மயங்கி விழுந்தப்பகூட, “அவளையே கூப்பிடுங்க”ன்னு சொன்னேன்.

இப்போ டாக்டர் மூத்திரத்தைச் சோதிச்சு, ஸ்கேனும் எடுத்துப் பார்த்துட்டு, சிறுநீரகத்துக்கு மேல கட்டி இருக்கு, புத்துநோயா இருக்கலாம், குனியும்போது படபடப்பைக் கிளப்புறது அதுதான்னு சொல்லுதாராம். நாளைக்கு ஆபரேஷனாம்.

மச்சான், அந்தப் படபடப்புக்குக் காரணம் அவளாவே இருந்திருக்கலாம். கொண்டையைப் பிடிச்சு ஒரு சண்டை போட்டு உங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்திருப்பேன். இந்தக் கட்டிக்குப் பிடிக்கிறதுக்கு ஒரு கொண்டைகூட இல்லையே.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி