கட்டில் பலகையில் ஒரு தேனீப் பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே சுகம்தான், முழங்கால் மட்டும் மழை வந்தால் தன் பாட்டைப் பாடுகிறது, அதை விட்டுத் தள்ளு. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதும் எனக்கு "நல்லா இருக்கேன்" என்ற ஒரே வாக்கியம்தான் வாயில் வருகிறது. நீயும் அதையே சொல்கிறாய். இரண்டு பேரும் நல்லா இருக்கிறோம் என்று சொல்லி முடித்த பிறகு பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் காகிதம்.

இங்கே பூ இல்லாத மாதங்கள் தொடங்கிவிட்டன. மொட்டைமாடியில் இருக்கும் என் மூன்று தேனீப் பெட்டிகளையும் இப்போது திறக்கக் கூடாது, திறந்தால் உள்ளே அவை கூடி உண்டாக்கி வைத்திருக்கும் சூடெல்லாம் போய்விடும். வாசல் பக்கமாகக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு வைப்பதோடு சரி. உயிரோடு இருக்கின்றனவா என்று தெரிய வேண்டுமே, அதற்காக என் பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப்போய்ப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக் கேட்கிறேன். எங்கோ தொலைவில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் மரப்பெட்டிக்கு வைத்தியம் பார்ப்பதைக் கண்டு பக்கத்து மாடிக்காரர், "என்ன சிஸ்டர், பெட்டிக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. இறங்கி வரும்போதுதான் நினைத்தேன், அன்றைக்கு என்னிடம் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் அவர்தான்.

போன வருஷம் வரை இந்த மாதங்கள் இப்படி இல்லை. பூட்டு ரிப்பேர்காரர் தன் வீட்டுப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, என்னைப் போலப் பொழுதுபோக்குக்குத் தேனீ வளர்க்கிறவர்கள் ஆறு பேர் சனிக்கிழமைதோறும் அங்கே கூடுவோம். ஒருவர் தேனடை கட்டுகிற மரச்சட்டங்களுக்குக் கம்பி இழுப்பார், ஒருவர் பழைய மெழுகை உருக்குவார். கணக்கு வாத்தியார் ஓட்டை வாஷிங் மெஷினின் டிரம்மை வைத்துத் தேன் பிழியும் இயந்திரம் ஒன்று செய்தார், முதல் சுற்றிலேயே தேன் முழுக்கக் கூரையில். ஒரு வாரம் எங்கள் தலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் பூட்டுக்காரர் பெரிய மகள் வீட்டோடு போய்விட்டார், கொட்டகையில் யாரோ பழைய டயர்களை அடுக்கிவிட்டார்கள். அவரவர் வேலை அவரவர் வீட்டில் என்று ஆகிவிட்டது. நான் உன் அறையில் ஜன்னலோரம் மேஜை போட்டுக்கொண்டேன். இழைப்புளி, ரம்பம், உப்புத்தாள், ஆணி டப்பா எல்லாம் இப்போது அங்கேதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது பெட்டி மழையில் ஊறி அடிப்பலகையும் ஒரு பக்கமும் உளுத்துப்போய்விட்டன. பூ வருவதற்குள் புதுப்பெட்டி செய்து மாற்றாவிட்டால் அந்தக் கூட்டம் தங்காது. மரக்கடையில் இருப்பதெல்லாம் ஈர மரம், பிளைவுட்டைத் தொட்டாலே பசை வாடை. வாத்தியாரிடம் போனில் கேட்டேன். "பழைய மரமா பாருங்கம்மா. நல்லா காஞ்சு, இனிமே வளையறதுக்கு ஒண்ணும் இல்லாத மரமா இருக்கணும்" என்றார். வீடு முழுக்கத் தேடினேன். அப்படிப்பட்ட மரம் இந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது, உன் கட்டில்.

அதைத் தொடுவதாக நான் நினைக்கவே இல்லை, நம்பு. மாதம் ஒரு தரம் விரிப்பை மாற்றி, தலையணையைத் தட்டிப் போட்டு வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீ, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷமும் வர முடியாது போலிருக்கிறது என்று சொன்னாய். நாலாவது வருஷம். "அதனால என்னம்மா, வேலைதான் முக்கியம்" என்று நான்தான் சொன்னேன். போனை வைத்த கையோடு போய் மெத்தையை உருட்டிச் சுவரோரம் தள்ளினேன், திருப்புளியை எடுத்து ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். பெட்டிக்கு மரம் வேண்டியிருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதி கோபம். அறுபத்தாறு வயசில் ஒரு கட்டிலின் மேல் இவ்வளவு கோபம் வருமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

ஆறு பலகை. வார்னிஷ் வாடை தேனீக்கு ஆகாது என்பதால் ஒவ்வொன்றாக மேஜையில் போட்டு இழைத்தேன். இரண்டு முடிந்தது. மூன்றாவதைத் திருப்பிப் போட்டேன், அடிப்பக்கத்தில் பென்சில் எழுத்து. உன் எழுத்துதான், எனக்குத் தெரியாதா. மேலே "அம்மா நைட்" என்று இருந்தது. அதற்குக் கீழே கோடுகள், நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே, மறுபடி நாலு, குறுக்கே ஒன்று. கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு போட்டிருக்கிறாய். விரல் வைத்து எண்ணினேன், நாற்பத்து மூன்று. கடைசியில் கோணல்மாணலாக ஒரு வரி, "இனிமே எண்ண மாட்டேன்".

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன் பாப்பா. இழைத்த மரச்சுருள் புடவையெல்லாம் ஒட்டியிருந்தது, எழுந்து தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு, அப்பா இறந்த வருஷம். ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, நைட் டியூட்டிக்கு என்னைத்தான் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். எதிர்வீட்டு அக்காவைத் துணைக்குப் படுக்கச் சொல்லிவிட்டுப் போவேன். கட்டாயம் என்று சொன்னது பொய். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "வீட்ல சின்னப் பொண்ணு இருக்கே, பகல் டியூட்டியே எடுத்துக்கோயேன்" என்று மேட்ரன் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார்கள். நானாகத்தான் கேட்டு வாங்கினேன். அப்பா படுத்திருந்த பக்கம் காலியாக இருக்க அந்த அறையில் என்னால் படுக்க முடியவில்லை. வார்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், யாராவது ஒருவர் சிஸ்டர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்காகப் போனேன். வீட்டிலும் ஒருத்தி கூப்பிடக் காத்திருக்கிறாள் என்று தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் சரியில்லை, தோன்றியது, தள்ளிவிட்டேன். நீ ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. என் பெண் எதையும் கேட்டு அழ மாட்டாள், தங்கம் என்று வார்டு முழுக்கப் பெருமையடித்தேன்.

மறுநாள் அளவு கேட்க வாத்தியார் போன் பண்ணினார், என் குரல் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். விவரம் முழுக்கச் சொல்லவில்லை, ஒரு பலகை குறைகிறது, இன்னொன்றை என்னால் அறுக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். மத்தியானம் பஸ் பிடித்து வந்து வாசலில் நிற்கிறார், தலையெல்லாம் நனைந்திருக்கிறது, மழைக்கோட்டைக் கழற்றி ஒரு பலகைக்குப் போர்த்தியிருக்கிறார். "என் பையனோட புத்தக அலமாரித் தட்டும்மா. அந்த ரூமைத் திறந்தே ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க கேட்டதால திறந்தேன்" என்றார். நான் கேட்கவே இல்லை, ஆனாலும் அதைச் சொல்லவில்லை. துண்டு கொடுத்தேன், காபி போட்டேன். பிறகு இரண்டு பேருமாக அறுத்தோம், அடித்தோம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சுண்டு விரல் நுனி போகிற இடைவெளி வேண்டும், கூடினால் தேனீக்கள் அங்கேயும் அடை கட்டிவிடும், குறைந்தால் பிசின் வைத்து ஒட்டிவிடும். நான் கிட்டத்தட்ட சரி என்றேன். "கிட்டத்தட்டன்னு கணக்குல ஒண்ணும் கிடையாதும்மா" என்று இரண்டு தடவை பிரிக்க வைத்தார். பெட்டி நன்றாக வந்திருக்கிறது, மூடி கச்சிதமாக உட்காருகிறது. ஐந்து மணி பஸ்ஸுக்கு அவர் போன பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. ஆள் வந்துவிட்டுப் போனால் அப்படித்தான் ஆகிறது.

எழுத்து இருக்கிற பலகையில் இழைப்புளியே படவில்லை. உன் துணி அலமாரியில், மேல் தட்டில் படுக்க வைத்திருக்கிறேன். அது உன் பொருள், அனுப்பச் சொன்னால் கட்டி அனுப்புகிறேன், தூக்கிப் போடு என்றால் போடுகிறேன்.

இனி வர முடியாத வருஷம் லீவு, டிக்கெட் என்று காரணம் தேடி அலையாதே. வரத் தோன்றவில்லை என்றால் தோன்றவில்லை என்றே சொல், கேட்டுக்கொள்வேன். தோன்றி வந்தால் ஹாலில் பாய் விரித்து மூன்று பேரும் படுத்துக்கொள்ளலாம், அந்த ஒற்றைக் கட்டிலில் மாப்பிள்ளையின் கால் எப்படியும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குளிரில் காதை மூடிக்கொள். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, காபி குடித்த கையோடு போடாதே. நீ நினைப்பதெல்லாம் கைகூடி, வீடு நிறையப் பேச்சும் சிரிப்புமாக நீ வாழ வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு.

இன்னும் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். நீ நாற்பத்து மூன்றோடு நிறுத்திவிட்டாய். நான் அதற்குப் பிறகும் ஒன்றேகால் வருஷம் போனேன்.

மன்னிப்புக் கேட்கும்,
அம்மா